இரும்பு கொடுத்தால் நிற்கும்

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்று முதன்முதலில் சொன்ன மகராசன் யாரென்று தெரிந்தால், அமுதவள்ளி அவன் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுத்தான் வருவாள். வலிப்பு எப்படியும் கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும். நிற்கிற சமயத்தில் கையில் சாவி இருந்தால் சாவிக்குப் பேர், கரண்டி இருந்தால் கரண்டிக்குப் பேர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். கடலாடிப் பக்கத்து அவள் ஊரில் இதைச் சொன்னால், "நீ என்ன பெரிய டாக்டரா?" என்பார்கள்.

அவள் டாக்டர் இல்லை, மிளகாய்ப் பயிர் போடுகிறவள். ஆனால் வலிப்பு வருகிற ஒரு நாயை மூன்று வருஷமாக உயிரோடு வைத்திருக்கிறாள். அது சும்மா நடக்கிற காரியமா?

நாயின் பெயர் செவலை. கண்மாய்க் கரையில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை அவள் புருஷன் சேதுராசு துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். கொண்டுவந்ததோடு அவன் கடமை முடிந்தது. வளர்த்தது இவள். வளர்ந்து வாட்டசாட்டமாக நின்றபிறகு ஒருநாள் வாசலில் தொப்பென்று விழுந்து காலை உதைத்துக்கொண்டு நுரை தள்ளியது. பேய் அறைந்துவிட்டது என்றார்கள் சிலர். வெறி என்றார்கள் சிலர். அமுதவள்ளி ஆட்டோ பிடித்து, சாக்கில் நாயைப் போட்டு, கடலாடிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே கால்நடை டாக்டர் தஸ்னீம், கீழக்கரைப் பெண், நாயைப் பார்த்தாள். ரத்தம் எடுத்துச் சோதித்தாள். பிறகு அமுதவள்ளியை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்.

"மனுசங்களுக்கு வர்ற அதே வலிப்புதான்க்கா. காலையில ஒரு மாத்திரை, சாயந்தரம் ஒரு மாத்திரை. ஒரு வேளை தப்பக் கூடாது. நல்லாத்தானே இருக்குன்னு நீங்களா நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும், உயிரே போயிரும். மாத்திரை வலிப்பைக் குறைக்கும். ஒண்ணுகூட வராதுன்னு நான் சொல்லமாட்டேன். வந்தா பக்கத்துல இருக்கிற சாமானை நகர்த்துங்க. தண்ணி ஊத்தாதீங்க. வாய்க்கிட்ட மட்டும் கையக் கொண்டு போகவே போகாதீங்க. அதுக்கு அந்த நேரம் நீங்க யாரு, கை எது, ஒண்ணும் தெரியாது. நாக்கை முழுங்கிரும்னு சொல்றதெல்லாம் பொய்."

அன்றிலிருந்து செவலைக்கு வேளை தப்பியதில்லை. முதலில் கருவாட்டுக்குள் மாத்திரையை வைத்தாள். அந்தத் திருட்டு நாய் கருவாட்டைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. தயிர்ச்சோற்றில் உருட்டினாள், நக்கி நக்கி மாத்திரையை மட்டும் ஒதுக்கியது. கடைசியில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவுக்குத்தான் மசிந்தது. தலைச்சன் பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு முட்டை அவிக்கமாட்டார்கள் என்று சேதுராசு கிண்டலடிப்பான். வலிப்பும் வாரத்துக்கு ஒன்று என்றிருந்தது, எப்போதாவது ஒன்று என்றாகிவிட்டது. வந்து போனபின் மட்டும் கொஞ்ச நேரம் கண் தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு திரியும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் சோற்றுத் தட்டைத் தேடும்.

அந்த வீட்டுக் கொல்லையில் இன்னொருத்தியும் மாத்திரை தின்றுகொண்டிருந்தாள். அது ஊருக்குத் தெரியாது.

சேதுராசின் அண்ணன் முத்துராமலிங்கத்துக்கு ஒரே மகள், பூங்கோதை. பக்கத்து வீடு. அவளுக்கும் வலிப்பு உண்டு. மதுரையில் பெரிய டாக்டர் கொடுத்த மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தாள். கமுதியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். அன்றைக்கே முத்துராமலிங்கம் மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு போய்க் கண்மாயில் வீசிவிட்டார். "மாத்திரை திங்கிற பிள்ளைன்னு ஒரு சொல்லு வெளிய போச்சுன்னா எவன் வந்து கட்டுவான்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருந்தார். அவள் விழுந்தால் கொடுக்க என்று இடுப்புச் சாவிக்கொத்தில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவியைச் சேர்த்து வைத்திருந்தார். மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிற பாசத்தை என்ன சொல்லித் திட்டுவது? அமுதவள்ளிக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

மாத்திரை நின்ற சில நாளில் பூங்கோதை இவள் அடுப்படியிலேயே விழுந்தாள். எழுந்ததும், "சின்னம்மா, அய்யாவுக்குத் தெரியாம எனக்கு மாத்திரை வாங்கியாந்து தாறீகளா?" என்று கேட்டாள். செவலைக்கு வாங்க ராமநாதபுரம் போகும்போதெல்லாம் அவளுக்கும் சேர்த்து, மதுரைச் சீட்டைக் காட்டி வாங்கி வந்தாள். காலையும் சாயந்தரமும் பூங்கோதை செவலையைப் பார்க்க வருகிற சாக்கில் கொல்லைக்கு வருவாள். அதற்கு முட்டை, இவளுக்குத் தண்ணீர்.

மாசி மாதம் களம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஒருநாள் அமுதவள்ளி மாத்திரை வாங்க ராமநாதபுரம் போயிருந்தாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், களத்தில் வேலை செய்கிற முருகலட்சுமி வேகுவேகென்று ஓடி வந்தாள்.

"மதினி, செவல பெரியவர, பூங்கோதை அய்யாவக் கடிச்சிருச்சு. கட்டு, ஊசி எல்லாம் போட்டுட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாக. செவலயக் கிட்டங்கிக்குள்ள போட்டுப் பூட்டியாச்சு. வெறிநாய், அடிச்சுப் புதைக்கணும்ங்கிறாக. மாரிச்செல்வம் கட்டையோட வந்து நிக்கிறான்."

"கடிச்சுச்சா? எப்படிடி கடிச்சுச்சு?"

முருகலட்சுமி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"களத்துல அதுக்கு வலிப்பு வந்துச்சு மதினி. பெரியவரு ஓடியாந்து இடுப்புல இருந்து சாவிய எடுத்து அது வாய்க்குள்ள விட்டாக. கவ்விருச்சு. நாங்க எல்லாரும்தான் பாத்தோம். ஆனா இப்பக் கேட்டா, நாய் பாய்ஞ்சு கடிச்சதுங்கிறாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"நாங்க என்னத்தச் சொல்ல மதினி? அவுக களத்துல வேலை பாக்குறோம்."

அமுதவள்ளிக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. நடந்தாளா ஓடினாளா என்று அவளுக்கே தெரியாது.

கிட்டங்கி என்பது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக மிளகாய் மூட்டை அடுக்குகிற ஓட்டுக் கட்டடம். சன்னல் கிடையாது. சும்மா போய் நின்றாலே மனிதனுக்குத் தும்மல் நிற்காது. மோப்பத்தில் வாழ்கிற ஒரு பிராணியை, அதுவும் வலிப்பு வந்து கண் தெரியாமல் தடுமாறுகிற நேரத்தில், அதற்குள் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. கையில் பெரிய கட்டோடு முத்துராமலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் வைத்திருக்கிற மாரிச்செல்வம் கருவேலங்கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்கும் செவலைக்கும் எந்தப் பகையும் இல்லை. கூப்பிட்டால் வருவான், அவ்வளவுதான். சேதுராசு ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் முன்னால் அவன் வாயில் எப்போதும் கொழுக்கட்டை.

"மச்சான், கதவத் தெறங்க," என்று புருஷனின் அண்ணனிடம் சொன்னாள் அமுதவள்ளி. "அதுக்கு மாத்திரை குடுக்கிற நேரமாச்சு."

"சாகப்போற நாய்க்கு மாத்திரை எதுக்குத்தா?"

"ஏன் சாகணும்? அது தடுப்பூசி போட்ட நாய். கடிச்சது தப்புதான், நீங்க ஊசி போட்டுக்கிட்டதும் நல்லதுதான். பத்து நாள் எங்க வீட்டுல கட்டிப்போட்டுப் பாப்போம். வெறின்னா அதுக்குள்ள தானாச் செத்துப்போகும். டாக்டரம்மாவுக்கு போன் போட்டுத் தாறேன், நீங்களே கேளுங்க."

"பத்து நாள் வேடிக்கை பாக்க எனக்கு நேரமில்ல. அடுத்த வாரம் பிள்ளையப் பொண்ணு பாக்க வீட்டுக்கு ஆளுக வாராக. வெறிநாய வச்சுக்கிட்டு வாசல்ல கோலம் போடச் சொல்றியா?"

"வெறி இல்ல மச்சான், வலிப்பு."

முத்துராமலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வலிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நீ எனக்குச் சொல்லித்தாறியா? வலிப்புன்னா இரும்பக் குடுத்தா நிக்கும். இது நிக்கல. அப்ப இது வெறிதான்."

"அப்ப இரும்பு குடுத்துப் பாத்தீக?"

அவர் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பொதுவாச் சொன்னேன்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அமுதவள்ளி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"களத்துல நின்னவுக எல்லாரும் இங்கனதான இருக்கீக. நாய் பாய்ஞ்சுச்சா, இல்ல இவுக வாய்க்குள்ள சாவிய விட்டாகளா? ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லுங்க."

ஒருத்தரும் சொல்லவில்லை. முருகலட்சுமி முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தர் வானத்தைப் பார்த்தார், மழை வருகிற மாசம் மாதிரி. நேற்றுவரை தெருவில் போகும்போதெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு வந்த நாய். எத்தனை ராத்திரி இவர்கள் மிளகாய்க்குக் காவல் கிடந்திருக்கிறது! அதன் உயிருக்கு ஒரு சொல் கேட்டால் ஊரே ஊமையாகிவிட்டது. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம் என்பது இதுதான்.

"ஏங்க, நீங்களாவது கேளுங்க," என்று புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணே சொல்றத..." என்று சேதுராசு இழுத்தான்.

அமுதவள்ளியின் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. 'வலிப்பப் பத்தி ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா மச்சான், ஒங்க வீட்டுலயே இருக்கே.' அதைச் சொல்லிவிட்டால் போதும். அவர் வாய் அடைத்துவிடும், கதவு திறந்துவிடும், செவலை பிழைத்துவிடும். சொன்னால் கமுதிக்காரர்கள் வர மாட்டார்கள், வேறு எவரும் வர மாட்டார்கள், அந்தப் பிள்ளை தெருவில் போனால் நாலு பேர் ஒதுங்கி நிற்பார்கள். ஒரு நாய்க்காக ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துப் போட முடியுமா? நம்பிச் சொன்னவள். அமுதவள்ளி பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம்.

அப்போது கிட்டங்கிக்குள் தட் தட் என்று சத்தம் கேட்டது. கதவின் அடிப்பலகையில் ஏதோ விடாமல் இடித்தது. செவலைக்கு மறுபடி வலிப்பு வந்துவிட்டது. கால்கள் பலகையில் உதைபடுகிற சத்தம் அது.

"கேட்டீகளா, வெறியேறிக் கதவ ஒடைக்கிது!" என்றார் முத்துராமலிங்கம். "மாரி, நான் தெறக்கவும் ஒரே போடாப் போட்டுரு." சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தார்.

அமுதவள்ளி போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "ஏலே மாரி, மொதல்ல எம்மேல போடு," என்றாள். அவன் கட்டையை ஓங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"அய்யா, சாவிய என்கிட்டக் குடுங்க."

பூங்கோதை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பிள்ளை. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"நீ ஏன்த்தா இங்கன வந்த? உள்ள போ."

"நான் மாடியில நின்னு பாத்தேன்யா. செவல அதுபாட்டுக்கு வலிப்புல கெடந்துச்சு. நீங்கதான் சாவிய வாய்க்குள்ள விட்டீக."

"உள்ள போன்னு சொல்றேன்ல!"

"எனக்கும் அப்படித்தான விடுவீக."

அமுதவள்ளி, "வேணாம் பூங்கோதை, விடு," என்றாள். பூங்கோதை அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஐப்பசியில எனக்கு வலிப்பு வந்தப்ப நான் ஒங்க வெரலக் கடிச்சேன். நகம் பேந்து தொங்குச்சு. மம்பட்டி பட்டுருச்சுன்னு ஊருக்குச் சொன்னீக. என் முன்பல்லு ஒடைஞ்சதுக்கு, படியில விழுந்துட்டான்னு சொன்னீக. அதுவும் இந்தச் சாவி பட்டுத்தான். அன்னைக்கு வெறின்னு சொல்லி மாரியண்ணனக் கட்டையோட கூப்பிடலயே. எனக்கு மட்டும் ஏன்யா கூப்பிடல?"

முத்துராமலிங்கத்தின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், யாராவது 'அந்தப் பிள்ளை உளறுகிறது' என்று சொல்ல மாட்டார்களா என்று தேடுகிற மாதிரி. இந்த முறையும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் பக்கம் பேசவும் ஆள் இல்லை. சேதுராசு, ஆச்சரியம்தான், ஓரத்திலிருந்து வந்து அண்ணன் கையிலிருந்து கொத்தை வாங்கிக் கதவைத் திறந்தான். மாரிச்செல்வம் கட்டையை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு மூட்டைகளை நகர்த்த உள்ளே வந்தான்.

செவலை மிளகாய்த் தூசிக்குள் ஒருக்களித்துக் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. அமுதவள்ளி அதன் வாய்ப்பக்கம் போகாமல் முதுகுப் பக்கமாக மண்டியிட்டாள். தலை தரையில் மோதாமல் ஒரு சாக்கை மடித்துக் கீழே கொடுத்தாள். தும்மிக்கொண்டே காத்திருந்தாள். சாவியும் கரண்டியும் இல்லாமலே அது தானாக நின்றது. சாக்கில் வைத்து அவளும் சேதுராசும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள்.

வெளியே வரும்போது ஒரு குரல் கேட்டது. "பாவம், பொட்டப்பிள்ள. இனிமே யாரு வந்து கட்டுவா?"

அமுதவள்ளி சாக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

"வந்துருச்சா வாய்? இம்புட்டு நேரம் கேட்டேன், ஒருத்தருக்கும் வரல. அந்தப் பிள்ளை சொன்னதுல பாதி தைரியம் ஒங்களுக்கு இருந்திருந்தா அது சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது. இப்ப மட்டும் பாவமாம், பாவம்! போங்க, போயி மிளகாய அள்ளுங்க."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்றைக்கு மூடியது. எத்தனை நேரத்துக்கென்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து டாக்டர் தஸ்னீமுக்கு போன் போட்டாள். கண்ணையும் மூக்கையும் கழுவிவிட்டு, நினைவு தெளிந்து நன்றாக விழுங்குகிறது என்று தெரிந்தபின் மாத்திரையைக் கொடுங்கள், மறுபடி வந்தாலோ நிற்காமல் இழுத்தாலோ எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், காலையில் நானே வந்து பார்க்கிறேன் என்றாள் டாக்டர். செவலை சுவரில் இரண்டு தடவை முட்டியது, தண்ணீர்ச் சட்டிக்குள் காலை விட்டது, பிறகு அமுதவள்ளியின் சேலையை மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது. பின்னால் முட்டையையும் தின்றது. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அடங்கியிருந்த கோபம் அவளுக்குத் திரும்பக் கிளம்பியது.

பொழுது அடைகிற நேரத்தில் முத்துராமலிங்கம் வந்தார். வாசலைத் தாண்டவில்லை. கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாத்திரை எப்ப எப்பக் குடுக்கணும்?" என்றார்.

"யாருக்கு மச்சான்? நாய்க்கா, பிள்ளைக்கா?"

அவர் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தெருவப் பாக்காதீக," என்றாள் அமுதவள்ளி. "இனிமே தெருவுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. யாருக்குன்னு வாயால சொல்லிக் கேளுங்க."

தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"பூங்கோதைக்கு," என்றார்.

"காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. ஒங்களுக்குத் தெரியாம இத்தன நாளா எங்க கொல்லையிலதான் தின்னுக்கிட்டு இருந்தா. நல்லாத்தான இருக்கான்னு நிறுத்தக் கூடாது, எவன் வாரான்னு பாத்து ஒளிக்கக் கூடாது. விழுந்தா பக்கத்துல ஒக்காந்து இருக்கணும், அவ்வளவுதான்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் ஏறியது. "கண்மாய்க் கரையில கெடந்த நாய்க்கு மூணு வருஷமா நான் பாத்தேன் மச்சான். பெத்த பிள்ளைக்கு நீங்க பாக்கலயே."